அலபாமா பல்கலைக்கழகக் கால்பந்து அணி: பிரையன்ட், சேபன் தவிர மற்ற தலைமைப் பயிற்சியாளர்கள் யார்?

அலபாமா பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணி என்றாலே பால் பிரையன்ட், நிக் சேபன் என்ற இரண்டு தலைமைப் பயிற்சியாளர்களோடு பேச்சு நின்றுவிடுகிறதே, மற்றவர்கள் எல்லாம் யார், இந்த இருவரில் யார் பெரியவர் என்று கேட்டிருந்தீர்கள். இரண்டாவது கேள்விக்கு என் பதிலைப் பின்னால் சொல்கிறேன். முதல் கேள்விதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அந்த அணியின் பயிற்சியாளர் பட்டியலைத் திறமையின் தரவரிசையாக மட்டும் படித்தால் பாதிதான் விளங்கும். யாருக்கு எவ்வளவு அதிகாரம் கொடுக்கப்பட்டது, எவ்வளவு அவகாசம் கிடைத்தது, அவர் காலத்து விதிகள் என்ன என்பதையும் சேர்த்துப் படித்தால்தான் வெற்றிகளும் வீழ்ச்சிகளும் ஏன் அந்தந்த ஆண்டுகளில் நேர்ந்தன என்பது புரியும்.

அமெரிக்கப் பல்கலைக்கழக ஆட்டத்தில் தலைமைப் பயிற்சியாளரின் வேலை, ஆட்ட நாளன்று மைதானத்தின் ஓரத்தில் நின்று உத்தரவிடுவதோடு முடிவதில்லை. தொழில்முறை லீக்கில் அணிகள் முறைவைத்து ஒவ்வொருவராகத் தேர்ந்தெடுக்கும் ஏற்பாட்டின் வழியாகப் புதிய வீரர்கள் வந்து சேர்வார்கள். பல்கலைக்கழகத்திலோ, பயிற்சியாளரே உயர்நிலைப் பள்ளி மாணவர்களின் வீடு தேடிப் போய், பெற்றோரிடம் பேசி, தன் பல்கலைக்கழகத்துக்கு வரச் சம்மதிக்க வைக்க வேண்டும். உதவிப் பயிற்சியாளர்களைத் தேர்ந்தெடுப்பது, மாணவர்களின் படிப்பைக் கண்காணிப்பது, நன்கொடையாளர்களைத் திருப்திப்படுத்துவது எல்லாம் அவர் பொறுப்பே. நான்கு ஆண்டுகளில் ஒரு தலைமுறை வீரர்கள் படிப்பை முடித்து வெளியேறிவிடுவதால், அணியில் நிலையாக இருப்பவர் அவர் ஒருவர்தான். பல மாநிலங்களில் அரசுச் சம்பளம் பெறுவோரில் மிக அதிகச் சம்பளம் வாங்குபவர் ஆளுநரோ பல்கலைக்கழகத் தலைவரோ அல்ல, கால்பந்துப் பயிற்சியாளரே என்பதற்கும் இதுவே அடிப்படை.

அலபாமாவில் ஆட்டம் தொடங்கியது 1892இல். முதல் பயிற்சியாளர் யூஜின் பியூமான்ட் ஒரே பருவம்தான் இருந்தார். அடுத்த முப்பது ஆண்டுகளில் வந்தவர்களில் நின்று பார்க்க வேண்டியவர் ஜென் ஸ்காட். குதிரைப் பந்தயச் செய்திகள் எழுதிக்கொண்டிருந்த பத்திரிகையாளரான அவர், 1922இல் தென்மாநிலத்து அணி ஒன்றை ஃபிலடெல்பியாவுக்குக் கூட்டிப்போய், அன்று பலம் பொருந்திய பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தை 9–7 என்று வென்று காட்டினார். உடல்நலம் கெட்டுப் பதவி விலகிய அவர் 1924இல் இறந்துபோனார். அவர் திறந்த கதவின் வழியாகத்தான் வாலஸ் வேட் உள்ளே வந்தார்.

1923 முதல் 1930 வரை வேட் பெற்றவை 61 வெற்றி, 13 தோல்வி, 3 சமநிலை. அவருடைய அணி 1926 ஜனவரி முதல் நாள் கலிபோர்னியாவின் பாசடீனாவில் ரோஸ் பௌல் ஆட்டத்தில் (பருவ முடிவில் அழைப்பின் பேரில் நடக்கும் ஆட்டங்களைப் ‘பௌல்’ என்பார்கள்) வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சந்தித்தது. தென்மாநில அணி ஒன்று அந்த மேடையில் ஏறியது அதுவே முதல் முறை. இடைவேளையில் 12–0 என்று பின்தங்கியிருந்த அலபாமா, மூன்றாவது கால்பகுதியில் மட்டும் மூன்று டச் டவுன் (பந்தை எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் கொண்டுசேர்ப்பது) அடித்து 20–19 என்று வென்றது. உள்நாட்டுப் போரின் தோல்வியும் வறுமையும் மறையாத ஒரு நிலப்பகுதி அந்த ஒரு புள்ளி வித்தியாசத்தைத் தன் சொந்த மரியாதையாக எடுத்துக்கொண்டது. இன்றும் அந்த மாநிலத்தில் கால்பந்துக்கு இருக்கும் கனத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து. வேட் 1925, 1926, 1930 ஆகிய ஆண்டுகளில் தேசிய சாம்பியன் பட்டத்தைக் கொண்டுவந்தார். 1930 பருவம் தொடங்கும் முன்பே, அது முடிந்ததும் டியூக் பல்கலைக்கழகத்துக்குப் போகப்போவதாக அறிவித்துவிட்டு, தோல்வியே இல்லாமல் அந்தப் பருவத்தை முடித்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

அவர் இடத்துக்கு வந்த ஃபிராங்க் தாமஸ், நோட்ர டேம் பல்கலைக்கழகத்தில் க்னூட் ராக்னியிடம் ஆடியவர். அவரை நியமித்தபோது பல்கலைக்கழகத் தலைவர் ஜார்ஜ் டென்னி, வெற்றியில் 90 சதவீதம் வீரர்களைப் பொறுத்தது, 10 சதவீதமே பயிற்சியைப் பொறுத்தது, அந்த 90ஐ நாங்கள் தருகிறோம், மீதி 10க்கு நீங்கள்தான் கணக்குச் சொல்ல வேண்டும் என்ற பொருளில் பேசியதாக ஒரு செய்தி அங்கே வழிவழியாகச் சொல்லப்படுகிறது. அலபாமா தன் பயிற்சியாளரிடம் எதிர்பார்ப்பதை அதைவிடச் சுருக்கமாக யாரும் சொன்னதில்லை. தாமஸ் கணக்கை ஒழுங்காகவே ஒப்படைத்தார்: 115 வெற்றி, 24 தோல்வி, 7 சமநிலை, 1934இல் தோல்வி காணாத அணி, அடுத்த புத்தாண்டு நாளில் ஸ்டான்ஃபோர்டுக்கு எதிராக 29–13. அந்த அணியில் டான் ஹட்சன் என்ற மாபெரும் பந்து பிடிப்பாளர் ஒரு முனையில் ஆட, மறுமுனையில் ஆடியவர் பால் பிரையன்ட். கடைசிப் பருவமான 1946இல் தாமஸுக்கு இரத்த அழுத்தம் முற்றிப்போய் நிற்கவே முடியவில்லை. ஒரு சிறு இழுவை வண்டியில் உட்கார்ந்து, ஒலிபெருக்கி வழியாகப் பயிற்சியை நடத்தினார்.

அவருக்குப் பின் வந்த ஹரால்ட் ட்ரூ கௌரவமான பயிற்சியாளர். 1953 ஆரஞ்சு பௌல் ஆட்டத்தில் சிராக்யூஸை 61–6 என்று சாய்த்தவர். அடுத்து வந்த ஜென்னிங்ஸ் விட்வொர்த்தைப் பற்றிச் சற்று நிதானமாகப் பேச வேண்டும். 1955 முதல் 1957 வரை அவருக்குக் கிடைத்தவை நான்கே வெற்றிகள். தோல்வி 24, சமநிலை 2. முதல் பருவத்தில் பத்து ஆட்டங்களிலும் தோல்வி. பின்னாளில் தொழில்முறை ஆட்டத்தில் பெரும்புகழ் பெற்ற பார்ட் ஸ்டார் அந்த அணியில் இருந்தும் பெரும்பாலும் ஓரத்தில்தான் உட்கார்ந்திருந்தார். இதையெல்லாம் வைத்து விட்வொர்த்தைத் திறமையற்றவர் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். ஆனால் அவர் தன் விருப்பப்படி நியமித்துக்கொள்ள முடிந்தது இரண்டே உதவியாளர்களைத்தான்; மற்றவர்கள் எல்லாம் முந்தைய பயிற்சியாளரின் ஆட்கள். அவர்களில் ஹாங்க் கிரிஸ்ப் விளையாட்டுத் துறை இயக்குநரும்கூட. அதாவது நிர்வாகத்தில் விட்வொர்த்துக்கு மேலதிகாரியாக இருந்தவர், மைதானத்தில் அவருக்குக் கீழே தற்காப்பைப் பார்த்துக்கொண்டார். இப்படிப்பட்ட ஏற்பாட்டில் யாரை உட்கார வைத்திருந்தாலும் பெரிதாக எதையும் சாதித்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

1957இன் கடைசியில் பிரையன்டைக் கூப்பிட்டபோது பல்கலைக்கழகம் அந்தத் தவற்றைத் திருத்திக்கொண்டது. தலைமைப் பயிற்சியாளர், விளையாட்டுத் துறை இயக்குநர் ஆகிய இரண்டு பதவிகளும் ஒருவரிடமே கொடுக்கப்பட்டன. ஆர்கன்சாவின் ஏழை விவசாயக் குடும்பத்தில் பிறந்து, சிறுவனாக இருந்தபோது ஊர்த் திரையரங்கில் ஒரு கரடியோடு மல்லுக்கட்டி ‘கரடி’ என்ற பட்டப்பெயரை வாங்கியவர் அவர். அதற்குள் மேரிலாண்ட், கென்டக்கி, டெக்சஸ் ஏ அண்ட் எம் ஆகிய மூன்று பல்கலைக்கழகங்களில் பயிற்சியாளராக இருந்து வந்திருந்தார். முதல் பருவத்திலேயே ஐந்து வெற்றி. விட்வொர்த்தின் மூன்று பருவ வெற்றிகளையும் சேர்த்தாலும் அதை எட்டவில்லை. 1961இல் பதினோரு ஆட்டங்களிலும் வெற்றி. அந்தப் பருவம் முழுவதிலும் எதிரணிகள் எல்லாம் சேர்ந்து எடுத்தது 25 புள்ளிகள். பயிற்சி மைதானத்தின் நடுவே உயர்ந்து நின்ற ஓர் இரும்புக் கோபுரத்தின் உச்சியிலிருந்து அவர் கீழே நடப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பார். பேசுவது அபூர்வம். கோபுரத்தின் படிக்கட்டில் சங்கிலி கழலும் சத்தம் கேட்டால், அவர் இறங்கி வருகிறார் என்று வீரர்கள் நடுங்கியதைப் பலரும் பதிவு செய்திருக்கிறார்கள்.

25 பருவங்களில் 232 வெற்றி, 46 தோல்வி, 9 சமநிலை. 1961, 1964, 1965, 1973, 1978, 1979 என ஆறு பட்டங்கள். இவற்றில் 1964, 1973 ஆகிய இரண்டையும் பற்றி நேர்மையாக ஒன்று சொல்ல வேண்டும். அந்நாளில் பட்டத்தைத் தீர்மானித்தது பத்திரிகையாளர்கள் அல்லது பயிற்சியாளர்களின் வாக்கெடுப்பு; இந்த இரண்டு பட்டங்களையும் தந்த வாக்கெடுப்புகள் பருவ இறுதி பௌல் ஆட்டத்துக்கு முன்பே முடிந்துவிட்டன. இரண்டு முறையும் பட்டம் கையில் வந்த பிறகு அலபாமா தன் பௌல் ஆட்டத்தில் தோற்றது: ஒரு முறை டெக்சஸிடம் 21–17, இன்னொரு முறை நோட்ர டேமிடம் 24–23. மாறாக 1966இல் பதினோரு ஆட்டங்களிலும் வென்ற அணிக்குப் பட்டம் கிடைக்கவில்லை. தமக்குள் 10–10 என்று சமன் செய்துகொண்ட நோட்ர டேமும் மிச்சிகன் ஸ்டேட்டும் அதற்கு மேலே வைக்கப்பட்டன. அலபாமாவின் அணி அப்போதும் வெள்ளையர் மட்டுமே கொண்டதாக இருந்தது அந்த வாக்குகளில் எதிரொலித்தது என்று கருதுவோர் பலர்.

பிரையன்டின் வாழ்க்கையில் மிகவும் விவாதிக்கப்படும் பகுதி இதுவே. 1970 செப்டம்பர் 12 அன்று பர்மிங்காமில் தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் அணி அலபாமாவை 42–21 என்று வீழ்த்தியது. சாம் கன்னிங்ஹாம் என்ற கறுப்பின ஓட்டக்காரர் 135 யார்டு ஓடி இரண்டு டச் டவுன் அடித்தார். அந்த ஒரே மாலையில்தான் அலபாமா மனம் மாறியது என்ற கதை இன்றும் உலவுகிறது. கேட்க அழகாக இருந்தாலும் அது உண்மையைச் சுருக்கிவிடுகிறது. அந்த ஆட்டம் நடந்தபோதே வில்பர் ஜாக்சன் என்ற கறுப்பின மாணவர் உதவித்தொகையோடு அலபாமாவில் சேர்ந்திருந்தார். முதலாண்டு மாணவர்கள் பிரதான அணியில் ஆடக்கூடாது என்ற விதியால் அவர் பார்வையாளராக இருந்தார். அதற்கும் முன்பே, 1969இல், கறுப்பின மாணவர் அமைப்பு ஒன்று பாகுபாட்டை எதிர்த்துப் பிரையன்ட் மீது வழக்குத் தொடுத்திருந்தது. அந்த மாணவர்களுக்கும் வழக்கறிஞர்களுக்கும் சேர வேண்டிய பங்கை ஒரு ஆட்டத்தின் கணக்கில் எழுதுவது நியாயமாகாது. அந்த மாநிலத்தில் பிரையன்டுக்கு இருந்த செல்வாக்கைப் பார்த்தால், அவர் இன்னும் சில ஆண்டுகள் முன்னதாகவே துணிந்திருக்கலாம் என்றே நான் நினைக்கிறேன். துணிந்த பிறகு அவர் பின்வாங்கவில்லை என்பதும் உண்மை. 1971இல் அதே எதிரணியை அவர்கள் ஊரிலேயே 17–10 என்று வென்றபோது, அலபாமாவின் பிரதான அணியில் ஆடிய முதல் கறுப்பின வீரராக ஜான் மிட்செல் களத்தில் இருந்தார்.

அந்த வெற்றிக்கு இன்னொரு காரணமும் உண்டு. 1969இலும் 1970இலும் ஆறு ஆட்டங்களுக்கு மேல் வெல்ல முடியாமல் போனதால், ஐம்பத்தெட்டு வயதை நெருங்கிய பிரையன்ட், அதுவரை நம்பிவந்த தாக்குதல் முறையைத் தூக்கிப்போட்டுவிட்டு, டெக்சஸ் பயிற்சியாளர் டாரல் ராயலிடமிருந்து விஷ்போன் என்ற ஓட்ட முறையைக் கற்றுக்கொண்டு, கோடை முழுவதும் வெளியே தெரியாமல் பயிற்சி கொடுத்து, பருவத்தின் முதல் ஆட்டத்தில் இறக்கினார். 1970களின் பத்து ஆண்டுகளில் அலபாமா பெற்ற 103 வெற்றிகளில் பெரும்பகுதி அந்த முடிவின் விளைவு. 1981இல் அதே மாநிலத்துப் போட்டிப் பல்கலைக்கழகமான ஆபர்னை 28–17 என்று வென்று, தான் பயிற்சியளித்த எல்லாப் பல்கலைக்கழகங்களிலும் சேர்த்துத் தன் 315ஆவது வெற்றியை எட்டி, அதிக வெற்றிகளுக்கான அலோன்சோ ஸ்டாக்கின் சாதனையைத் தாண்டினார். 1982 டிசம்பர் 29 அன்று கடைசி ஆட்டம். 1983 ஜனவரி 26 அன்று மாரடைப்பில் காலமானார்.

அடுத்த கால் நூற்றாண்டு அவருடைய நிழலில் கழிந்தது. பிரையன்டிடமே ஆடிய ரே பெர்கின்ஸ், பயிற்சி மைதானத்திலிருந்து அந்தக் கோபுரத்தை அகற்றியதற்காகவே பலருடைய வெறுப்பைச் சம்பாதித்தார்; 1984இல் வெற்றியைவிடத் தோல்வி மிகுந்த பருவம் ஒன்று வந்தது, 1957க்குப் பின் அதுவே முதல் முறை. பில் கரி வெளியாள். மூன்று பருவங்களில் 26 வெற்றி, 10 தோல்வி என்பது எந்த ஊரிலும் மதிக்கப்படும் கணக்கு. ஆனால் ஆபர்னிடம் மூன்று முறையும் தோற்றார். 1988இல் ஒரு தோல்விக்குப் பிறகு அவருடைய அலுவலகச் சன்னலில் செங்கல் வந்து விழுந்தது. 1989இல் பத்து ஆட்டங்களில் வென்ற பின்னும் அவர் கென்டக்கிக்குப் போய்விட்டார். அவரைப் போகவிட்டது பல்கலைக்கழகத்தின் பிழை என்பதே என் எண்ணம்.

ஜீன் ஸ்டாலிங்ஸ் வேறு வகை. டெக்சஸ் ஏ அண்ட் எம்மில் பிரையன்டின் கொடும்பயிற்சியைத் தாங்கிய மாணவர்களில் ஒருவர். 1968 புத்தாண்டு நாளில், அதே பல்கலைக்கழகத்துக்குத் தானே பயிற்சியாளராகி, குருவின் அலபாமா அணியைக் காட்டன் பௌல் ஆட்டத்தில் 20–16 என்று வென்றார். ஆட்டம் முடிந்ததும் பிரையன்ட் வந்து, தன்னைத் தோற்கடித்த சீடரைக் கட்டிப்பிடித்து அப்படியே தரையிலிருந்து தூக்கிவிட்டார். ஸ்டாலிங்ஸின் 1992 அணி 13 ஆட்டங்களிலும் வென்று, பெரிதும் உயர்வாக மதிப்பிடப்பட்ட மயாமியை 34–13 என்று திணறடித்துப் பட்டம் வென்றது. 1996இல் அவர் விலகிய பிறகு நடந்தவற்றை வேகமாகக் கடந்துவிடலாம்: மைக் டுபோஸ் 1999இல் மாநாட்டுப் பட்டம் (அலபாமா ஆடும் தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கூட்டமைப்பின் பட்டம்) வென்று, அடுத்த ஆண்டே எட்டு ஆட்டங்களில் தோற்றார், டெனிஸ் ஃபிரான்கியோன், வீரர் சேர்ப்பு விதிமீறலுக்கான தண்டனைக் காலத்தில் நன்றாக நடத்திவிட்டு 2002இல் டெக்சஸ் ஏ அண்ட் எம்முக்குப் போனார், மைக் பிரைஸ் தனிநடத்தை விவகாரத்தால் ஓர் ஆட்டம்கூட நடத்தாமல் 2003இல் நீக்கப்பட்டார், மைக் ஷூலா நான்கு ஆண்டுகளும் ஆபர்னிடம் தோற்று 2006இல் விலக்கப்பட்டார். ஷூலாவை நியமித்தபோது பரிசீலிக்கப்பட்டவர்களில் சில்வெஸ்டர் குரூமும் ஒருவர்; பிரையன்டின் அணியில் ஆடியவர். அவர் அதே 2003ஆம் ஆண்டு மிசிசிப்பி ஸ்டேட்டில் அந்த மாநாட்டின் முதல் கறுப்பினத் தலைமைப் பயிற்சியாளர் ஆனார். அலபாமா அந்த வாய்ப்பைத் தவறவிட்டது.

2007 ஜனவரியில் நிக் சேபன் வந்தார். விளையாட்டுத் துறை இயக்குநர் மால் மூர், பிரையன்டின் பழைய வீரர், சேபன் ஒரு தொழில்முறை அணிக்குப் பயிற்சியளித்துக்கொண்டிருந்த மயாமிக்கே நேரில் போய் அழைத்துவந்தார். எட்டு ஆண்டுகளுக்கு 3.2 கோடி டாலர் ஒப்பந்தம், கால்பந்து சம்பந்தப்பட்ட எல்லாவற்றிலும் அவர் சொல்லே முடிவு. முதல் பருவத்தில் லூசியானா-மன்ரோ என்ற சிறிய பல்கலைக்கழகத்திடம் 21–14 என்று தோற்று ஏழு வெற்றிகளோடு முடித்தபோதும் யாரும் அவர் கையைக் கட்டவில்லை. இரண்டாம் பருவத்தில் 12 வெற்றி. மூன்றாவதில் 14 ஆட்டங்களிலும் வெற்றி, பட்டம். பிறகு 2011, 2012, 2015, 2017, 2020. 17 பருவங்களில் களத்தில் கிடைத்தது 206 வெற்றி, 29 தோல்வி; அவருக்கு முந்தைய காலத்தில் தொடங்கிய ஒரு பாடநூல் விதிமீறலுக்காக 2007இன் ஐந்து வெற்றிகள் பதிவிலிருந்து நீக்கப்பட்டதால் அதிகாரபூர்வக் கணக்கு 201.

சேபனின் முறையை ஓரிடத்தில் கிட்டத்திலிருந்து பார்க்கலாம். 2018 ஜனவரி 8, இறுதி ஆட்டம், ஜார்ஜியாவுக்கு எதிராக இடைவேளையில் 13–0 என்று பின்தங்கல். இரண்டு பருவங்களாக அணியை வெற்றிகளுக்கு நடத்திவந்த குவாட்டர்பேக் (தாக்குதலை நடத்திப் பந்தை எறிபவர்) ஜேலன் ஹர்ட்ஸை உட்கார வைத்துவிட்டு, ஹவாயிலிருந்து வந்த முதலாண்டு மாணவர் டுவா டகோவாய்லோவாவை இறக்கினார். கூடுதல் நேரத்தில் அந்த இளைஞர் முதல் முயற்சியிலேயே 16 யார்டு பின்னுக்குத் தள்ளப்பட்டார். இரண்டாவது முயற்சியில் டிவான்டா ஸ்மித்துக்கு 41 யார்டு எறிந்து ஆட்டத்தை 26–23 என்று முடித்தார். பார்த்தவர்கள் சூதாட்டம் என்றார்கள். ஆனால் அப்படி ஒரு மாற்று ஆளைக் களத்தின் ஓரத்தில் தயாராக வைத்திருந்தது பல ஆண்டு வீடுவீடாய்ப் போய் வீரர் சேர்த்த உழைப்பு. உட்கார வைக்கப்பட்ட ஹர்ட்ஸ் கோபித்துக்கொண்டு போகவில்லை. அதே ஆண்டு டிசம்பரில், அதே ஜார்ஜியாவுக்கு எதிராக, டகோவாய்லோவா காயமடைந்தபோது இறங்கி அணியை வெல்ல வைத்தார்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. என் தீர்ப்பு சேபன் பக்கம், அதற்குக் காரணம் பட்டங்களின் எண்ணிக்கை அல்ல. அலபாமாவில் இருவருக்கும் ஆறுதான். பிரையன்டின் முதல் பதினைந்து ஆண்டுகளில் எத்தனை மாணவர்களுக்கு உதவித்தொகை கொடுக்கலாம் என்பதற்கு நாடு தழுவிய உச்சவரம்பு இல்லை. எதிரணிக்குப் போய்விடக்கூடாது என்பதற்காகவே நல்ல வீரர்களைச் சேர்த்து வைத்துக்கொள்ள முடியும். 1973இல் 105 என்ற உச்சவரம்பு வந்தது. பிறகு 95, 1990களில் 85. சேபன் தன் பருவங்கள் அத்தனையையும் அந்த 85க்குள் நடத்தினார். மாநாட்டு இறுதி ஆட்டம், கடைசிக் காலத்தில் நாலணிச் சுற்று என்று கூடுதல் தடைகளையும் தாண்டினார். பிரையன்ட் 1971இல் செய்ததையே அவரும் 2014இல் செய்தார்: தற்காப்பையே உயிராக நினைத்தவர், தன் குணத்துக்கு முற்றிலும் மாறான லேன் கிஃபினைத் தாக்குதல் பொறுப்புக்குக் கொண்டுவந்து, வேகமான எறி ஆட்டத்துக்கு அணியை மாற்றினார். ஆனால் ஒரு மாநிலத்தின் வாழ்க்கையில் பிடித்த இடம் எது என்று கேட்டால், அதில் பிரையன்டை யாரும் நெருங்க முடியாது.

2024 ஜனவரி 10 அன்று சேபன் ஓய்வை அறிவித்தார். இரண்டே நாளில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்திலிருந்து கேலன் டிபோர் அழைத்துவரப்பட்டார். சூ ஃபால்ஸ் என்ற சிறிய கல்லூரியில் 67 வெற்றி, 3 தோல்வி என்ற கணக்கோடு மேலே வந்தவர் அவர். முதல் பருவத்தில் 9 வெற்றி, 4 தோல்வி. அதில் ஒன்று, அலபாமா வழக்கமாக எளிதில் வெல்லும் வாண்டர்பில்ட்டிடம் 40–35. உடனே சேபனோடு ஒப்பிட்டுக் குறை சொல்லத் தொடங்கிவிட்டார்கள். ஒப்பிடுகிறவர்கள் விதிகள் மாறிவிட்டதையும் சொல்ல வேண்டும். 2021 முதல் மாணவர்கள் ஒரு பருவம் காத்திருக்காமலேயே வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறலாம். தம் பெயரையும் புகழையும் வைத்துப் பணமும் சம்பாதிக்கலாம். 2025 முதல் பல்கலைக்கழகமே அவர்களுக்கு நேரடியாகப் பங்கு கொடுக்கலாம். டகோவாய்லோவாவைப் போன்ற ஒருவரை ஒரு பருவம் முழுவதும் ஓரத்தில் உட்கார வைத்துக் காப்பது இன்று எந்தப் பயிற்சியாளருக்கும் எளிதல்ல. டிபோருக்கு அலபாமா எத்தனை ஆண்டு கொடுக்கிறது, உதவியாளர்களையும் வீரர்களையும் தேர்ந்தெடுப்பதில் எவ்வளவு சுதந்திரம் கொடுக்கிறது என்பதைத்தான் நான் கவனித்து வருகிறேன்.